ரெக்கார்ட் பிளேயர் உறுமுகிறது: 12,000 ரூபாய்க்குப் பாதம் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவின் பழைய எல்.பி. தட்டுகளைக் கேட்க ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கினேன். ஹாலில் மர ஷோகேஸ் மேல் அதை வைத்து, அதே பலகையில் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்களை வைத்திருக்கிறேன். வால்யூமைக் கூட்டினால் 'ஊம்ம்' என்று உறுமல் கிளம்பிப் பாட்டையே விழுங்கிவிடுகிறது. பிளேயருக்கு அடியில் வைக்கும், அதிர்வைத் தடுக்கும் பாதங்கள் நான்கு 12,000 ரூபாய், அதைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஊசியைத் தூக்கிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் உறுமினால் அது அதிர்வே இல்லை; எர்த் வயர் சரியாக மாட்டப்படாமல் இருக்கலாம். உறுமல் நின்றுவிட்டால் அடுத்த சோதனை. தட்டைச் சுழலவிடாமல் ஊசியை அதன்மேல் இறக்கி, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை மெதுவாக ஏற்றி, ஷோகேஸை விரல் மூட்டால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'தொம்' என்று கேட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

தட்டின் பள்ளக் கோட்டில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நெளிவைக்கூடப் படிக்கிற ஊசி அது. பலகையின் நடுக்கத்தையும் பாட்டென்று நினைத்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். அது ஸ்பீக்கர் வழியே வெளிவந்து பலகையை மறுபடி ஆட்டும். இந்தச் சுற்றுதான் உறுமல்.

அதனால் முதல் வேலை, ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கித் தனி ஸ்டாண்டில் வைப்பது. இதற்கே பெரும்பாலும் அடங்கிவிடும். மிச்சம் இருந்தால் பிளேயருக்கு அடியில் ஒரு கடப்பாக்கல் துண்டு, கல்லுக்கு அடியில் வாஷிங் மெஷினுக்குப் போடும் ரப்பர் பேடு. பிளேயரை மட்டும் ரப்பர்மேல் வைத்தால் அவ்வளவு பலன் இருக்காது. மேலே கனம் இருந்தால்தான் ரப்பர் அமுங்கி வேலை செய்யும். ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்துவிடுங்கள். நடந்தாலே ஊசி துள்ளுகிறதென்றால், சுவரில் அடித்த பலகைக்கு மாற்றுவது நல்லது.

ஸ்டாண்டோடு, அதன் அடியில் பொருத்தக் கூர் முனை ஆணிகள் தருவார்கள். டைல்ஸ் தரையில் கீறல் விழும். ஒவ்வோர் ஆணிக்கு அடியிலும் ஒரு நாணயம் வையுங்கள். அப்புறம், கிர்ர் என்று தனியாக ஒரு சத்தம் கேட்டால் ஷோகேஸ் கண்ணாடியையும் உள்ளே இருக்கும் எவர்சில்வர் டம்ளர்களையும் தொட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் குற்றவாளி ஒரு குத்துவிளக்கு!

சி.டி. பிளேயருக்கும் இதே பாதம் போடச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். சின்னச் சின்னப் பிழைகளை அதுவே திருத்திக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் உறுமினால் பாதங்களை வாங்கிப் பாருங்கள். பலன் இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.