பழைய கணினியில் லினக்ஸ் போட்டால் கடை வேலை நடக்குமா?

ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் நீங்கள், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் கணக்கை டேலியில் எழுதுகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் மூலம் ஓட்டலாம் என்பார்கள். கடைக் கணக்கை அதை நம்பி நான் ஒப்படைக்க மாட்டேன்.

கோபியில் எங்கள் மஞ்சள் மண்டிக் கணினிக்கும் அதே 4 ஜிபிதான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின், பழைய கணினிக்கும் ஏற்ற இலகுவான எக்ஸ்எப்சிஇ பதிப்பைப் போட்டேன். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்ததும், விவசாயிகளுக்கான சீட்டை அப்பா லிபர்ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் தமிழிலேயே அடிக்கத் தொடங்கிவிட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

படுத்தியது அச்சுப்பொறிதான். அந்த மாடலுக்கு லினக்ஸ் இயக்கி (டிரைவர்) கிடைக்கவே இல்லை. ஒரு வாரம் போராடிவிட்டு வேறு வாங்கினோம். அதனால் நிறுவும் முன் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். நிறுவச் சொல்லாதவரை வன்வட்டில் எதுவும் அழியாது. அச்சுப்பொறி, வைஃபை இரண்டையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.

கோப்புகளைத் தனியே நகலெடுக்கும்போது, யூனிகோடு என்ற பொதுக் குறியாக்க முறைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் பழைய கடிதங்களில் தமிழ் இருந்த இடத்தில் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.