ஜப்பானிய அனிமே குரல் நடிகரின் தொழில் வாழ்க்கை எப்படி இருக்கும்? வருமானம் எவ்வளவு? வெளிநாட்டவர் நுழைய முடியுமா?

டிராகன் பால் அனிமேயின் நாயகன் கோகுவுக்குக் குரல் கொடுக்கும் நொசாவா மசாகோ போல வாழ்நாள் முழுக்க இந்தத் தொழிலில் இருக்க முடியுமா, கையில் என்ன நிற்கும், நம்மைப் போன்ற வெளியாட்கள் உள்ளே போக வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், உள்ளே போவதற்குப் படும் பாட்டைவிட நான்காவது வருஷத்தைத் தாண்டப் படும் பாடு பெரிது. அதற்கான காரணம் சம்பள விதியிலேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் நொசாவா. 1936 அக்டோபர் 25-ல் டோக்கியோவில் பிறந்தவர். குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கியவர். ஜப்பானியத் தொலைக்காட்சியின் ஆரம்ப காலத்தில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு நேரலையிலேயே டப்பிங் பேசினார்கள். பையன் பாத்திரத்துக்கு நிஜப் பையனைக் கொண்டுவந்தால் நேரலையில் தடுமாறுவான். கொஞ்சம் பெரியவனாக எடுத்தால் நடுவில் குரல் உடையும். அதனால் வளர்ந்த பெண்களைப் பையன் குரலில் பேச வைத்தார்கள். நொசாவாவுக்கு இந்தத் தேவைதான் பிழைப்பைத் திறந்துவிட்டது. 1968-ல் கிதாரோ தொடரின் நாயகப் பையன் கிதாரோ, 1978-ல் கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999-ன் தெத்சுரோ, 1986-ல் கோகு. குரல் மாதிரிகளைக் கேட்டு அவரைத் தேர்ந்தெடுத்தவர் டிராகன் பாலைப் படைத்த தொரியாமா அகிராவே. பிறகு கோகுவின் மகன்கள் கோஹான், கோதென், அப்பா பார்டாக் எல்லாரும் இவர் தலையிலேயே விழுந்தார்கள். அப்பாவும் பிள்ளைகளும் ஒரே காட்சியில் பேசும்போது தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டுவதில்லை. வரிசையாக ஒவ்வொரு குரலாக மாறி மாறி ஒரே ஓட்டத்தில் பேசிவிடுவார். இதைச் செய்யக்கூடியவர்கள் அங்கேயே கைவிரல் எண்ணிக்கைதான். 2018-ல் வந்த புதிய கிதாரோவில் அவருக்குக் கிடைத்தது கிதாரோவின் அப்பா வேடம். ஐம்பது வருஷத்தில் மகன் அப்பாவாகிவிட்டார். 2024-ல் டிராகன் பால் டைமா தொடங்கியபோது 88-ஐத் தொட்டுக்கொண்டிருந்தவர் மறுபடியும் கோகு. வீடியோ கேமில் ஒரே பாத்திரத்துக்கு 23 ஆண்டு 218 நாள் குரல் கொடுத்ததற்காக 2017-ல் கின்னஸ் சான்றும் வாங்கினார்.

ஆனால் அவர் நுழைந்த வாசல் இன்றைக்கு மூடிக் கிடக்கிறது. அந்தத் தலைமுறை நாடகத்திலிருந்தும் குழந்தை நடிப்பிலிருந்தும் வந்தது. குரல் வேலை துணை வருமானம். இன்றைய பாதையைப் பார்க்க ஹயாஷிபாரா மெகுமி பொருத்தமான உதாரணம். 1967-ல் பிறந்தவர். நர்ஸிங் படித்துக்கொண்டே ஆர்ட்ஸ் விஷன் ஏஜென்சியின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார், நர்ஸ் உரிமமும் வாங்கினார். 1986-ல் மெய்சோன் இக்கோகுவில் சின்னச் சின்ன வேடங்கள், 1989-ல் ஆணும் பெண்ணுமாக மாறும் ரன்மாவின் பெண் வடிவம், 1995-ல் எவாஞ்சலியனின் ரெய், 1997-ல் போக்கிமான் ராக்கெட் கும்பலின் முசாஷி. பாட்டும் வானொலியும் சேர்ந்தன. 1992-ல் தொடங்கிய டோக்கியோ பூகி நைட் வானொலி நிகழ்ச்சி முப்பது வருஷத்தைத் தாண்டியும் ஓடியது. 2024-ல் ரன்மாவை மறுபடி எடுத்தபோது பெண் ரன்மாவுக்கு இவரையே கூப்பிட்டார்கள்.

இன்று சேருகிறவருக்கு முன்னால் இருப்பது இதுதான். ஏஜென்சியோடு இணைந்த பயிற்சிக்கூடத்தில் வாரம் ஒரு வகுப்பு என்றால் ஆண்டுக்கு 2 முதல் 3 லட்சம் யென். இரண்டு வருடத் தொழிற்பள்ளி என்றால் ஆண்டுக்கு 10 லட்சத்தை ஒட்டி. என்னைக் கேட்டால் முதல் வகையே மேல். தொழிற்பள்ளியில் படித்து முடித்தவரும் ஏஜென்சிக்குள் போகப் பெரும்பாலும் மறுபடி ஒரு பயிற்சிக்கூடத்தில் பணம் கட்டிச் சேருகிறார். பயிற்சி முடிவில் உள்தேர்வு. அதில் தேறியவரையும் உடனே முழு உறுப்பினராக்க மாட்டார்கள். முதலில் ‘ஒப்படைப்பு’ நிலையில் ஓரிரு வருஷம் வைத்துப் பார்ப்பார்கள். வேலை வரவில்லை என்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஆஒனி, 81 புரொட்யூஸ், ஹைக்கியோ மாதிரிப் பெரிய இடங்களிலும் கதை இதுதான். ஏஜென்சியில் சேர்ந்தாலும் மாதச் சம்பளம் கிடையாது. வேலை வந்தால் பணம், அவ்வளவுதான்.

உள்ளே போனதும் கையில் இருக்க வேண்டியது குரல் மாதிரி. ஒன்று, ஒன்றரை நிமிஷம். ஏஜென்சி பெயர், தன் பெயர், உடனே நான்கைந்து பாத்திரம், கொஞ்சம் நரேஷன். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: கிழவி, குழந்தை, பேய், ரோபோ என்று பத்து விதமாகப் பேசிக் காட்டுகிறார்கள். குரல்களைத் தேர்ந்து பதிவை நடத்தும் ஒலி இயக்குநருக்கு அது வேண்டாம். கிழவி வேண்டுமென்றால் அறுபது வயதுக் கலைஞர் இருக்கிறார். இருபத்திரண்டு வயதுக்காரரிடம் அவர் தேடுவது இயல்பான குரலில் கோபம், தயக்கம், சிரிப்பு எப்படி மாறுகின்றன என்பதைத்தான். பெரிய வேடங்களுக்கு முதல் சுற்று இப்போது டேப் ஆடிஷன், அதாவது வீட்டிலோ ஏஜென்சி அறையிலோ பதிவு செய்து அனுப்புவது. ஒரு பாத்திரத்துக்கு நூற்றுக்கணக்கில் வந்து குவியும். அதில் சிலரை ஸ்டூடியோவுக்குக் கூப்பிடுவார்கள்.

இனி பணம். ஜப்பான் நடிகர் சங்கமான நிப்பைரென் வைத்திருக்கும் தரநிலை முறை இது. அரைமணி அனிமே ஒரு எபிசோடுக்கு ஜூனியர், அதாவது முதல் மூன்று வருஷத்தில் இருப்பவரின் தொகை 15,000 யென். ஒரு வரி பேசினாலும் அதே, கதாநாயகனாக நூறு வரி பேசினாலும் அதே. ஏஜென்சி 20 முதல் 30 சதவீதம் எடுக்கும், அதன்மேல் 10.21 சதவீதம் வரிப்பிடித்தம். 20 சதவீதமென்றே வைத்தாலும் 15,000 என்பது 12,000 ஆகி, பிறகு ஏறக்குறைய 10,775 ஆகும். 13 எபிசோட் தொடரில் ஒவ்வொரு வாரமும் நாயகி வேடமே கிடைத்தாலும் மூன்று மாதத்துக்குச் சுமார் 1,40,000 யென். டோக்கியோவில் ஒற்றை அறை வாடகை மாதம் 60,000, 70,000 என்று போகிறது. அந்த 1,40,000-ம் பதிவு முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். கடை வேலை, உணவக வேலை இல்லாமல் முதல் சில வருஷங்களை ஓட்ட முடியாது. அந்த வேலையும் ‘நாளைக்குக் காலை பத்து மணிக்கு ரெக்கார்டிங்’ என்று சொன்னால் விடுப்புத் தருகிற இடமாக இருக்க வேண்டும்.

மூன்று வருஷம் முடிந்தால் ஜூனியர் காலம் முடியும். பிறகு தரநிலை ஏறும். அடிப்படைத் தொகை 45,000 வரை போகும், அதற்கும் மேலே பேசி முடிவு செய்யும் நிலை உண்டு. ஒளிபரப்பு, டிஸ்க் போன்ற பயன்பாட்டுக்கான கூடுதலும் சேரும். கேட்க நன்றாக இருக்கிறதா? தயாரிப்பாளர் பக்கமிருந்து பாருங்கள். பள்ளி மாணவன் எண் 3, கடைக்காரர், வகுப்பறைச் சத்தம் போன்ற வேடங்களுக்கு ஜூனியரைப் போட்டால் 15,000-இல் முடியும். நேற்று வரை அந்த வேடங்களைச் செய்தவரின் விலை இன்று ஏறிவிட்டது. பெயரோ இன்னும் ஏறவில்லை. பதிலாகப் புதிதாய் வந்த இன்னொரு ஜூனியர் வாசலில் நிற்கிறார். நான்காவது வருஷத்தில் திடீரென்று அழைப்பு நிற்பது இதனால்தான். திறமை குறைந்துவிட்டது என்று நொந்துகொண்டு தொழிலை விடுகிறவர்கள் உண்டு. பாதிக் காரணம் விலைப்பட்டியல். ஏற்றிய தரத்தை இறக்கிக்கொள்வதும் லேசில்லை. அதனால் ஜூனியராக இருக்கும்போதே குறைந்தபட்சம் ஓர் ஒலி இயக்குநராவது ‘இந்தக் குரல்தான் வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேட்கும் நிலைக்கு வந்துவிட வேண்டும்.

இந்த விலைப்பட்டியலும் சும்மா வரவில்லை. 1973-ல் குரல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் ஊர்வலம் போனார்கள், அதன்பிறகே கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. 2023 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் வரிமுறை இன்னொரு அடி. ஆண்டு வரவு 1 கோடி யென்னுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நுகர்வு வரி விலக்கு இருந்தது. இப்போது பதிவு செய்து வரி கட்டு, இல்லாவிட்டால் வேலை கொடுப்பவர் அந்தச் சுமையை ஏற்க வேண்டும் என்றானது. குரல் கலைஞர்கள் சிலர் குழு சேர்ந்து கணக்கெடுத்தபோது, பதில் சொன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ஆண்டு வருமானம் 30 லட்சம் யென்னுக்குக் கீழே என்று தெரிந்தது. மேடையில் ஆடிப்பாடும் நட்சத்திரங்களை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஸ்டூடியோவுக்குள் என்ன நடக்கிறது என்பதே எனக்குப் பிடித்த பகுதி. அனிமே பதிவு பெரும்பாலும் காலை 10 மணி அல்லது மாலை 4 மணி. ஒரு எபிசோடுக்கு மூன்று நான்கு மணிநேரம். சில நாள் முன்பே ஸ்கிரிப்டும் வீடியோவும் வந்துவிடும். ஸ்கிரிப்ட் பக்கத்தின் மேல்பாதியில் காட்சி விவரம், கீழ்ப்பாதியில் பெயரும் வசனமும். வீட்டில் வீடியோவை ஓட்டி, தன் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அது தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கே மூச்சு, எங்கே வாய் திரையில் தெரியாது, எந்த வரி அடுத்த காட்சிக்குள் வழிகிறது எல்லாம் பென்சிலில். படம் முடிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பல சமயம் வெறும் கோட்டோவியம், சில காட்சியில் ஸ்டோரிபோர்டு மட்டும். பாத்திரத்தின் பெயர் திரையில் எழுத்தாக மின்னும் நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும்.

உள்ளே மூன்று அல்லது நான்கு மைக், ஆட்கள் பத்து பதினைந்து பேர். தன் வரிக்கு முன்பே எழுந்து, காலியாகப் போகிற மைக்கைக் கணித்து, காலடிச் சத்தமில்லாமல் போய் நின்று, பேசிவிட்டுப் பின்வாங்க வேண்டும். முக்கிய வேடக்காரருக்கு ஒரு மைக் ஏறக்குறைய நிரந்தரம்; அதில் புதியவர் நின்றுவிட்டால் எல்லாருக்கும் தாளம் கெடும். சரசரக்கும் ஜாக்கெட், வளையல், கடினக் குதிகால் செருப்பு எதுவும் ஆகாது. பக்கம் திருப்பும் சத்தம் விழாமலிருக்க ஓரத்தை முன்பே லேசாக மடித்து வைப்பார்கள். வெறும் வயிற்றோடு போகவும் கூடாது, வயிற்றின் உறுமலை மைக் விடாமல் பிடிக்கும். முதலில் டெஸ்ட், பிறகு ஒலி இயக்குநரின் திருத்தங்கள், பிறகு அசல் பதிவு. ஒருவர் மேல் ஒருவர் பேசும் வரிகளைக் கடைசியில் தனியாக எடுப்பார்கள். அதன்பின் ‘கயா’ எனப்படும் கூட்டச் சத்தம், இது ஜூனியர்களின் களம். சந்தையில் எண்ணெய் விலை கேட்கிறவராக, ரயில் தவறியவராக, யார் காதிலும் தனியாக விழாத வசனத்தை அந்தந்த நிமிஷத்தில் உருவாக்கிப் பேச வேண்டும். ஒலி இயக்குநர்கள் புதியவரைக் கவனிக்கும் இடமும் இதுவே. கொரோனாவுக்குப் பிறகு மூன்று நான்கு பேராகப் பிரித்துப் பதிவு செய்யும் வழக்கம் வந்தது; மூத்தவர் பேசுவதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் கற்கும் வாய்ப்பு அதில் அடிபட்டுப் போனது.

வயிறு நிறைவது அனிமேயால் அல்ல என்பதை இத்தனை கணக்குக்குப் பிறகு சொல்ல வேண்டியதில்லை. நரேஷன், விளம்பரம், வெளிநாட்டுப் பட டப்பிங், கேம். கேம் பதிவு தனி ஆளாக. படமே இருக்காது, எக்ஸெல் தாளில் நூற்றுக்கணக்கான வரிகள். ‘சின்ன அடி’, ‘பெரிய அடி’, ‘மரணம்’ என்று அலறல்கள் மட்டும் ஒரு பக்கம் நிற்கும். அவற்றைக் கடைசிக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்பது தப்பே இல்லை; முதலிலேயே கத்திவிட்டால் மீதி வசனத்துக்குத் தொண்டை நிற்காது. வாரக்கணக்கில் கரகரப்பு நீங்காமல் இருந்தால் குரல்நாணில் முடிச்சா பாலிப்பா என்று மருத்துவரிடம் பார்த்துவிட வேண்டும். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று நினைப்பவர் பலர். குரல்நாணுக்கு அது ஓய்வே இல்லை, வாயை மூடியிருப்பதுதான் ஓய்வு.

வெளிநாட்டவர் விஷயம். முடியும், முன்னுதாரணம் உண்டு. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் பிறந்த ஜென்யா ஜப்பானில் குரல் நடிகையாக வேலை செய்கிறார். சீனாவைச் சேர்ந்த லியூ 2021-ல் லவ் லைவ் சூப்பர்ஸ்டார் அனிமேயில் சீன மாணவி தாங் கேகேயாக வந்தார். இரண்டு பேருக்கும் தாய்மொழியே கூடுதல் பலமாக இருந்தது. தமிழ் பேசும் பாத்திரம் அனிமேயில் அடிக்கடி வராது என்பதால் நமக்கு அந்தக் கதவு சின்னது. மற்ற வேடங்களுக்கு ஒரே அளவுகோல் டோக்கியோ உச்சரிப்பின் ஏற்ற இறக்கம். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் முதல் நிலை தேறியவருக்கும் அது தானாக வராது, அந்தத் தேர்வில் பேச்சே கிடையாது. ஒசாகாவிலிருந்து வரும் ஜப்பானியர்களே என்ஹெச்கே ஒளிபரப்பு நிறுவனத்தின் உச்சரிப்பு அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு திருத்திக்கொள்கிறார்கள். ‘உய்ரோ-உரி’ என்ற கபுகி மருந்து வியாபாரியின் நீண்ட வசனத்தை மனப்பாடம் செய்து தினமும் பதிவு செய்து ஒப்பிடுவது வழக்கமான பயிற்சி; இதை இங்கிருந்தே தொடங்கலாம்.

விசாவைப் பற்றி முன்பே யோசியுங்கள். மாணவர் விசாவில் அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணிநேரம்தான் பகுதிநேர வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் அந்த விசாவும் முடியும். மேலே சொன்ன 10,775 யென் வரவைக் காட்டித் தங்கும் அனுமதி வாங்க முடியாது. மொழிபெயர்ப்பு, ஐடி, கேம் நிறுவனம் என்று வேலை விசா தரும் தொழில் கையில் இருக்க, வார இறுதிப் பயிற்சிக்கூடத்தில் சேருவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வேலை விசாவில் இருப்பவர் பணம் வாங்கிக்கொண்டு குரல் கொடுப்பதானால் அதற்குக் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி எடுக்க வேண்டும். எந்த வகையில் விண்ணப்பிப்பது என்பதைச் சேரும் முன்பே அங்கே கேட்டுவிடுங்கள்.