கறுப்புக் காய்களோடு தற்காப்பாக ஆடி வென்ற செஸ் ஆட்டங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

யோசிக்கவே வேண்டாம். 2010 மே 11, பல்கேரியாவின் தலைநகர் சோஃபியா. உலக சாம்பியன் போட்டியின் 12-வது, கடைசி ஆட்டம். ஐந்தரைக்கு ஐந்தரை என்று சமநிலை. பட்டத்துக்குச் சவால் விட்ட பல்கேரியர் டோபலோவுக்கு வெள்ளை, அதுவும் சொந்த நாட்டில். ஆனந்துக்குக் கறுப்பு. (ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் கிடைக்காமல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியாகவே வந்து சேர்ந்திருந்தார் மனிதர்.)

முதல் ஆட்டத்தில் கறுப்பில் கிரன்ஃபெல்ட் என்ற ஓப்பனிங்கை (தொடக்க நகர்வு முறையை) ஆடி 30 நகர்வுகளில் தோற்றவர், கடைசி நாளில் எடுத்தது குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் என்ற ஓப்பனிங்கின் ஒரு கிளையான லாஸ்கர் டிஃபென்ஸ். 7-வது நகர்வில் குதிரையை இ4-க்கு (பலகையில் கட்டத்தின் பெயர்) அனுப்பி, ஆளுக்கொரு பிஷப்பையும் குதிரையையும் வெட்டிக்கொண்டு பலகையைக் காலி செய்யும் பழைய முறை. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவிதான் வரும். ஆனால் ஆட்டம் டிராவில் முடிந்தால் ரேபிட் டை-பிரேக், அதாவது சாம்பியனை முடிவு செய்யும் குறைந்த நேர ஆட்டங்கள். அதில் ஆனந்த் புலி. அதைத் தவிர்க்கவே நினைத்ததாக டோபலோவே பிறகு சொன்னார். அவசரம் அவருக்குத்தான். அந்த நாளுக்கு இதைவிடப் பொருத்தமான ஓப்பனிங் கிடையாது என்பேன்.

ஆட்டத்தின் உயிர் ஆனந்தின் பிஷப். பி7, ஏ6, டி3, மறுபடி ஏ6, பி7 என்று அலைந்துவிட்டு, 28-வது நகர்வில் ஏ8 மூலையில் போய் ஒடுங்கியது. உதவாத காய் போலத்தான் தெரியும். ஆனந்த் இ5 தள்ள, வெள்ளை இ4 தள்ளி வழியை அடைத்தது. உடனே எஃப்5. டோபலோவ் அதை வெட்டினார். அடுத்த கறுப்புச் சிப்பாய் இ4-க்குப் பாய்ந்தது. 32-ல் அதையும் வெட்டினார் பாருங்கள், கதை முடிந்தது. ராணி இ4-ல் வெட்டி செக். பின்னால் முட்டுக்கொடுக்க ஏ8 பிஷப். வெள்ளை ராஜா எச்3, எச்4 என்று நடுத்தெருவுக்கு வந்தார். அவருடைய யானை ஒன்று ஏ3-ல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. 56-வது நகர்வோடு டோபலோவ் கை கொடுத்துவிட்டார். பட்டம் ஆனந்திடமே தங்கியது.

'டோபலோவ் சொதப்பினார், அவ்வளவுதானே' என்பவர்கள் உண்டு. சொதப்பினார்தான். ஆனால் இ5, எஃப்5, இ4 என்று அடுத்தடுத்து மூன்று தள்ளு தள்ளி அந்தச் சொதப்பலுக்கு இடம் போட்டுக் கொடுத்தது கறுப்பு.

எஞ்சினை (நல்ல நகர்வைக் கணித்துச் சொல்லும் செஸ் மென்பொருளை) அணைத்துவிட்டு, வெள்ளையின் 31-வது நகர்வில் நிறுத்திப் பாருங்கள். எஃப்5-ஐ வெட்டாமல் குதிரையை டி2-க்குப் பின்வாங்கக் கை வருகிறதா?