மூச்சை முழு நிமிடம் எண்ணுகிற பெண்

என் அறையில் இருந்த முக்கால் மணி நேரத்தில் உங்கள் மகள் வாய் திறந்தது இரண்டே முறை. மீதி நேரமெல்லாம் அவளுடைய பெரியப்பாதான் பேசினார். "நர்சிங் படித்து எத்தனை நாளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பாள்? வீட்டை அடமானம் வைத்தாவது டாக்டருக்குப் படிக்க வையுங்கள்" என்று அவர் சொன்னபோது நீங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நர்ஸ் வேலையிலிருக்கும் மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்ற உங்கள் கவலை நியாயமானது. அவர் சொன்ன வழி நியாயமானது அல்ல.

வீட்டை அடமானம் வைக்காதீர்கள். டாக்டர் ஆக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நேராகக் கேட்டேன், "வேண்டாம் சார்" என்றாள். அவள் வாய் திறந்த முதல் முறை அது. மூன்று வருடம் வார்டில் நின்றவள் முதலாண்டு மாணவியாக மறுபடி உட்கார்ந்து, வட்டியோடு போட்டி போட்டுப் படிப்பது யாருடைய கௌரவத்துக்காக? பெரியப்பா மாற்றாகச் சொன்ன மருத்துவமனை நிர்வாகப் படிப்பு அவளை நோயாளியிடமிருந்து பிரித்து மேசைக்கு அனுப்பிவிடும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

இரண்டாவது முறை அவள் சொன்னதைக் கவனித்தீர்களா? வார்டில் எல்லாருடைய சார்ட்டிலும் மூச்சு எண்ணிக்கை 18 அல்லது 20 என்றே இருக்கிறதாம். யாரும் எண்ணுவதில்லை, உத்தேசமாக எழுதிவிடுகிறார்கள். இவள் கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுகிறாள். ஓர் இரவு ஒருவருக்கு 28 வந்தது. காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தது. ஆனாலும் டாக்டரை எழுப்பினாள். கடுமையான நோய்த்தொற்றின் தொடக்கம் அது. ரத்த அழுத்தம் சரிவதற்கு முன்பே மூச்சு காட்டிக்கொடுப்பது உண்டு. அதைப் பிடித்ததில் அவளுக்குப் பெருமை இல்லை. "தொற்று எங்கிருந்து வந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லையே" என்பதுதான் அவள் குறை.

அந்தக் குறைக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. பெயர் நர்ஸ் பிராக்டிஷனர். 1965ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தைநல மருத்துவரும் இதைத் தொடங்கினார்கள். அனுபவமுள்ள நர்ஸ் மேற்படிப்புப் படித்து, சட்டம் இடம் தரும் நாடுகளில் தானே நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதலாம். நோயியல், மருந்தியல் இரண்டையும் எப்படியும் படித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் மகளுக்காகவே வைத்தது போன்ற பாடம் மூன்றாவது: உயர்நிலைப் பரிசோதனையும் நோய் கண்டறிதலும்.

தலைவலி என்று ஒருவர் வருகிறார். வார்டு நர்ஸ் வலியின் அளவைக் குறித்து, எழுதியிருக்கும் மாத்திரையைக் கொடுப்பார். இந்தப் பாடம் அங்கே நின்று கேள்வி கேட்கச் சொல்கிறது. வலி இடி விழுந்தது போல நொடிகளில் உச்சத்துக்குப் போனதா? மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு இருக்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியவரா, வலி புதிதா, மெல்லும்போது தாடை வலிக்கிறதா? நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம்; தாமதித்தால் பார்வை போகும். பிரிட்டனில் 1975ல் வெளியான ஓர் ஆய்வில், 80 புறநோயாளிகளில் 66 பேரின் நோயைப் பரிந்துரைக் கடிதமும் அவர்கள் வாய்மொழியுமே சரியாகக் காட்டிவிட்டன. ஸ்கேன் அறைக்கு வெளியே வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண்கள் நினைவுக்கு வரும்.

பிறகு கை. வயிற்றைத் தொடுவதற்கு முன் ஸ்டெதாஸ்கோப் வைக்க வேண்டும்; அழுத்தினால் குடலின் ஒலி மாறலாம். விரலால் தட்டி உள்ளே காற்றா நீரா என்று அறியும் முறையை 1761ல் எழுதி வெளியிட்ட அவுன்பிரக்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி மதுவின் அளவு பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவர் என்பார்கள்.

கடினமானது இதற்குப் பிறகு வருவது. அதிக வாய்ப்புள்ள நோய் எது, தவறவிட்டால் உயிர் போகும் நோய் எது என்று இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். முதலில் தோன்றிய பெயரோடு மனம் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை நோயுள்ள பெண் குமட்டல், களைப்பு என்று வந்தால் அஜீரணம் என்று எழுதி அனுப்பிவிடத் தோன்றும். நெஞ்சுவலியே இல்லாத மாரடைப்பாகவும் அது இருக்கலாம். தன்னால் முடியாததை உடனே மருத்துவரிடம் அனுப்பத் தெரிவதும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான்.

"அரை டாக்டர்" என்று பெரியப்பா சிரித்தார். அமெரிக்காவில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நர்ஸ் பிராக்டிஷனர்களிடமும் மற்றவர்களை மருத்துவர்களிடமும் அனுப்பிய ஆய்வு 2000ல் வெளியானது. ஆறு மாதம் கழித்து அவர்களின் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆரம்பநிலைச் சிகிச்சைக்குத்தான் இது பொருந்தும், அறுவை சிகிச்சைக்கு அல்ல. அறுவை செய்ய அவளும் ஆசைப்படவில்லை.

பண விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். அவள் வேலை செய்யப்போகும் நாட்டில் இந்தப் பட்டத்துக்கு உரிமமும் பதவியும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கட்டணம் கட்டாதீர்கள். சம்பளம் ஒரு காசுகூட உயராமல் போகலாம். நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2022ன் தரநிலை குறைந்தது 750 மணி நேரம் கேட்கிறது. பயிற்சி தரும் மூத்தவரைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, மாணவி தேடி அலைய வேண்டுமா? முழுக்கத் திரையிலேயே பரிசோதனை கற்றுத்தருகிறோம் என்பவர்களிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். வேலையை விடாமல் பகுதிநேரமாக, அவள் சம்பளத்துக்குள் அடங்கினால் படிக்கட்டும். அடங்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் சேமிக்கட்டும்.

அடுத்த வாரம் அவளைத் தனியாக அனுப்புங்கள். தனக்கு விடை கிடைக்காத இரண்டு நோயாளிகளைப் பற்றி, பெயர் இல்லாமல், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். பெரியப்பாவும் துணைக்கு வருவதானால் வெளியே நாற்காலி போட்டிருக்கிறேன்.