வெடித்த கைக்கு என்ன பூசலாம்?

தை பிறந்து வாடைக்காற்று உறைக்கத் தொடங்கினால் கை வெடிப்பைப் பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை என்ன பூசலாம் என்றே கேட்கின்றன. நாள் முழுவதும் கை எதற்குள் கிடக்கிறது என்பதை ஓரிருவரே எழுதியிருந்தனர். என் பதில்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கேள்வி: ஆறு பேருக்குச் சமைத்து, சட்டி பானைகளும் உடுப்புகளும் கழுவுகிறேன். விரல் மூட்டுகள் வெடித்து இரத்தம் கசிகிறது. இரவில் தேங்காய் எண்ணெய் பூசியும் குணமில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா? (குடும்பத் தலைவி, கோண்டாவில்)

பதில்: தண்ணீரிலும் பங்கு உண்டு, ஆனால் அது தனியாகக் குற்றவாளி அல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லில் தங்குவதால் அதில் கல்சியம் மிகுந்திருக்கிறது. அந்த நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. நுரைக்காததால் இன்னும் கொஞ்சம் தேய்க்கிறோம். கல்சியத்துடன் சேர்ந்து உண்டாகும் பிசுக்கு, அலசிய பின்னும் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 என்ற பிஎச் அளவில் இலேசான அமிலத் தன்மை உடையது. சவர்க்காரக் கட்டியோ 9, 10 என்ற காரத் தன்மை உடையது. தோலின் மேலடுக்கைச் செங்கற் சுவர் என்று கொண்டால், செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து ஒரு வகைக் கொழுப்பு. ஒவ்வொரு கழுவலிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லாததால், முகத்தைப் போல அது தன்னைத்தானே விரைவில் ஈடுசெய்துகொள்ள முடியாது. நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருப்பதையும் 20 தடவைக்கு மேல் கை கழுவுவதையும் தோல் மருத்துவத்தில் ஈரத் தொழில் என்று கணக்கிடுவார்கள். தொழில் என்ன என்று கேட்டால் சும்மா வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லும் பெண்கள் பலர் இந்த இரண்டு கணக்கையும் மத்தியானத்துக்குள் தாண்டிவிடுகிறார்கள்.

தேங்காய் எண்ணெய் தவறான பொருள் அல்ல. பூசிய நேரந்தான் தவறு. காய்ந்துபோன கையில் எண்ணெய் தடவினால், பூட்டிவைப்பதற்கு உள்ளே ஈரம் இருக்காது. கை கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரப்பசை இருக்கும்போதே இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால் எண்ணெயைவிட வாசலின் போன்ற பெற்றோலிய ஜெலியே நீரிழப்பை நன்றாகத் தடுக்கும். விலையும் குறைவு, வாசனைத் திரவியம் சேராததை வாங்கினால் ஒவ்வாமை அச்சமும் மிகக் குறைவு. சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மூட்டு வரை பிதுக்கினால் வரும் அளவு ஏறக்குறைய அரைக் கிராம். ஒரு கையின் இரு பக்கத்துக்கும் அவ்வளவு தேவை. படுக்கும்போது பூசி, மேலே பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம். பாத்திரம் கழுவும்போது றப்பர் கையுறையும் அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறையும் அணியுங்கள். ஆனால் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உள்ளே வியர்த்தால் அதுவும் ஈரந்தான். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். அதன் அடியில் தங்கும் சவர்க்காரத்திலிருந்தே பலருக்கு இந்தத் தொல்லை தொடங்குகிறது. வெடிப்பு மூடியவுடன் பூசுவதை நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்குக் குணமாகத் தெரிந்த தோல் உள்ளே பழைய பலத்தை அடையப் பல வாரங்கள் ஆகும்.

கேள்வி: பதினைந்து வருடமாக மேசன் வேலை செய்கிறேன். சீமெந்து தொட்டால் முன்பு ஒன்றும் செய்யாது. இப்போது கை தடித்து, அரித்து, வெடிக்கிறது. வேலை இல்லாத கிழமைகளில் குறைகிறது. (சாவகச்சேரி)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே நோயின் பெயர் பாதி இருக்கிறது. ஈரச் சீமெந்தின் பிஎச் அளவு 12க்கு மேல். அது யாருடைய தோலையும் அரிக்கும். அதற்கு அப்பால், சீமெந்தில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பு, ஆண்டுக்கணக்கில் தொட்டபின் ஒருநாள் ஒவ்வாமையாக மாறக்கூடும். பதினைந்து வருடம் ஒன்றும் செய்யவில்லையே என்று பலர் கேட்பார்கள். ஒவ்வாமையின் இயல்பே அப்படித்தான், பழகிய பொருளையே உடல் ஒருநாள் பகையாகக் கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சீமெந்தில் கரையும் இந்தக் குரோமியத்தைப் பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேல் விடக்கூடாது என்று கட்டுப்படுத்தியதற்கு மேசன்மாரின் இந்த வியாதியே காரணம்.

முதுகில் சிறு ஒட்டுகளை ஒட்டி 2 நாளின் பின்பும், மீண்டும் 4 நாளளவிலும் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனையால் இதை உறுதி செய்யலாம். அதற்கான வசதி எங்குண்டு என்பதைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை முழங்கை வரை எட்டும் நைற்றைல் என்ற செயற்கை றப்பர்க் கையுறை அணியுங்கள். தோற் கையுறை வேண்டாம். பதனிட்ட தோலிலும் பெரும்பாலும் குரோமியம் உண்டு. கையுறைக்குள் சீமெந்து போய்விட்டால் அதை உடனே கழற்றிக் கழுவுங்கள், ஏனெனில் வெறுங்கையைவிட அது கூடக் கெடுதல். மண்ணெண்ணெயால் கை கழுவும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

கேள்வி: விசேட வீடுகளுக்குச் சமைக்கிறேன். இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் உரிந்து வெடிக்கின்றன. வலக்கை நன்றாக இருக்கிறது. (இணுவில்)

பதில்: வலக்கையில் கத்தி, இடக்கையில் உள்ளி. உள்ளி ஒவ்வாமை பெரும்பாலும் இப்படித்தான் மூன்று விரல் நுனிகளில் கையொப்பம் வைக்கும். அதற்குக் காரணமான கந்தகச் சேர்மம் சாதாரண கையுறைகள் பலவற்றை ஊடுருவிவிடும் என்பதால், உள்ளி உரிப்பதையாவது வேறொருவரிடம் கொடுத்து ஆறு கிழமை பாருங்கள். சாப்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: வலது உள்ளங்கை மட்டும் மாப்பூசியதுபோல் வெளுத்து, ரேகைகளில் வெடிக்கிறது. பாமசியில் வாங்கிய கிறீம் பூசினால் குறையும், விட்டால் திரும்பும். (ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்)

பதில்: பாதங்களைப் பார்த்தீர்களா? இரண்டு பாதமும் ஒரு கையும் சேர்ந்து வரண்டிருந்தால் அது வெறும் வரட்சியாக இராமல் பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்புண்டு. பூசினால் குறைந்து, விட்டால் திரும்புகிறது என்பதிலிருந்து, அந்தக் கிறீமில் ஸ்டீரொயிட் இருக்குமோ என்று ஐயுறுகிறேன். அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கி, பூஞ்சையை மறைவில் வளரவிடும். நீண்ட நாள் பூசினால் தோலையும் மெலியச் செய்யும். கிறீமை நிறுத்தி, மருத்துவரிடம் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கிறீமின் பெட்டியையும் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கேள்வி: தாதியப் பயிற்சி பெறுகிறேன். கைச் சுத்திகரிப்புத் திரவம் வெடிப்பில் எரிகிறது. சவர்க்காரத்துக்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். எரிவு, வெடிப்பு ஏற்கனவே இருப்பதைக் காட்டுகிறது. திரவம் அதை உண்டாக்கியது என்பதற்கு அது சான்றல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் எதனோல் கலவையில் 1.45 வீதம் கிளிசரின் சேர்ப்பதே தோலைக் காக்கத்தான். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் மட்டும் சவர்க்காரம், மற்றபடி திரவம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாவிப்பதே பெருங்கேடு.

கேள்வி: தேசிக்காய்ப்புளியும் சீனியும் தேய்த்தால் கை மிருதுவாகும் என்கிறார்களே? (உரும்பிராய்)

பதில்: வெடித்த தோலில் புளி, அதன்மேல் அரம்போலச் சீனி. அந்தக் கையோடு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்தழும்பும் வரக்கூடும். தேசிக்காய் கறிக்கே இருக்கட்டும்.

கேள்வி: வலை பொத்துகிறேன். நூல் அறுத்த இடங்களும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து விரல்கள் பிளந்துவிடுகின்றன. நண்பர்கள் சூப்பர் குளூ விட்டு ஒட்டுகிறார்கள். செய்யலாமா? (குருநகர்)

பதில்: இந்தக் கேள்விக்குச் சிரிக்கமாட்டேன், மருத்துவமனைகளிலும் காயங்களை மூட இதே இனத்துப் பசையைப் பாவிக்கிறோம். ஆனால் அது தோலுக்கென்று செய்யப்பட்டது. கடையில் விற்பது இறுகும்போது சூடேறித் தோலை எரிக்கக்கூடும், அழுக்கையும் உள்ளே வைத்து மூடிவிடும். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, பெற்றோலிய ஜெலியைப் பிளவுக்குள் நிரப்பி, மேலே துணி ஒட்டுப்பட்டி சுற்றிக்கொண்டு வலையைப் பிடியுங்கள். விளிம்பு தடித்துக் கல்லாகிவிட்ட இடத்துக்கு 10 முதல் 20 வீதம் யூரியா உள்ள கிறீம் உதவும், ஆனால் பிளவு திறந்திருக்கும்போது அது எரியும் என்பதால் மூடிய பிறகே தொடங்குங்கள். மீன் முள் குத்திய இடம் வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, விரலிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் சிவப்புக் கோடு ஏறினாலோ, நீரிழிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைய தொழிலை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.