எங்கள் பெர்முடா புல்தரை மெலிந்து திட்டுத்திட்டாக மண் தெரிகிறது. ஒரு பக்கம் வேப்பமர நிழலும் இருக்கிறது. லான் போடுகிறவர் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் புதிதாக விரிக்கச் சொல்கிறார். பெயர்த்துப் புதிதாகப் போடாமல் மீட்க முடியுமா?

கண்டிப்பாக முடியும். நீங்கள் போட்டிருப்பது பெர்முடா என்கிறீர்கள். வயல் வரப்பில் வெட்ட வெட்டத் தழைக்கிற நம் அருகம்புல்லும் அதே இனம்தான். மண்ணுக்கு மேலேயும் கீழேயும் தண்டு ஓட்டிப் பரவும். அங்கங்கே உயிருள்ள கணு இருந்தாலே போதும், மறுபடி மூடிவிடும். லான் போடுகிறவர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் புதுப் புல் கார்பெட் விரித்தாலும், அடியில் இருப்பது அதே மண். அதைச் சரிசெய்யாவிட்டால் புதுப்புல்லும் கொஞ்ச நாளில் இதே கதிக்குத்தான் வரும்.

முதலில் ஒரு நீள ஸ்குரூ டிரைவரை ஈரத் தரையில் குத்திப் பாருங்கள். கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் நான் பார்த்த மெலிந்த புல்தரைகள் பெரும்பாலும் இரண்டு அங்குலத்திலேயே தடுத்துவிடும். ஆள் நடந்து, வண்டி திருப்பி, மண் இறுகிக் கிடக்கும். வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. உரம் போட்டும் தேறவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நல்ல தடிப்பல் உள்ள தோட்டத்து முள்கரண்டியை எடுத்து, முந்தின நாள் தண்ணீர் விட்ட தரையில் நாலு அங்குல ஆழத்துக்குக் குத்தி, லேசாகப் பின்னால் அசைத்து எடுங்கள். புரட்ட வேண்டாம், மண் நெகிழ்ந்தால் போதும். ஒரு சாண் தள்ளி அடுத்த குத்து. இடுப்பு வலிக்கிற வேலைதான், ஆனால் இதைவிடப் பலன் தருவது வேறில்லை. பிறகு சலித்த மண்புழு உரமும் மணலும் சரிபாதி கலந்து மேலே தூவி, துடைப்பத்தால் ஓட்டைக்குள் தள்ளுங்கள். புல் நுனி வெளியே தெரிய வேண்டும், மூடிவிடக் கூடாது. எம்-சாண்ட் என்றால் கழுவியது வாங்குங்கள். கழுவாததில் உள்ள நைஸ் தூள் திரும்பவும் இறுகிக்கொள்ளும்.

குத்தும்போது செங்கல், சிமெண்ட் கட்டி தட்டுப்பட்டால் அந்த இடத்தை மட்டும் தோண்டி மண் மாற்றிவிடுங்கள். வீடு கட்டின இடிபாட்டின் மேல் எதுவும் தேறாது. வெறும் திட்டுகளில், அடர்த்தியான ஓரத்திலிருந்து கணுவோடு தண்டு பிரித்தெடுத்து அரை அடிக்கு ஒன்றாக நட்டு, வேர் பிடிக்கும்வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற இடத்துக்குத் தினமும் பைப்பால் தெளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்படித் தெளித்தால் வேர் மேலாகவே நின்றுவிடுகிறது. தரையில் ஒரு டப்பா வைத்து, அதில் ஒன்றரை சென்டிமீட்டர் நிற்கும்வரை விடுங்கள். வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படி விட்டால் போதும்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை வந்து தரையோடு மழிக்கிற ஆளை வைத்திருந்தால் உடனே நிறுத்துங்கள். அது புல்லைப் பட்டினி போடும் வேலை.

புதுத்தளிர் கண்ட பிறகு யூரியா, 100 சதுர அடிக்கு 50 கிராம். இலை காய்ந்திருக்கும் மாலையில் சீராகத் தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டினால் கருகிவிடும். இந்த வேலைகளையெல்லாம் ஜூனிலோ ஜூலையிலோ தொடங்குங்கள். மார்கழிக் குளிரில் பெர்முடா மந்தமாகத்தான் வளரும்.

வேப்பமரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெர்முடாவுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தாழ்ந்த கிளைகளைக் கழித்துப் பாருங்கள். அதற்கும் வெயில் விழவில்லை என்றால், மரத்தடியில் மட்டும் நிழல் தாங்கும் பஃபலோ புல்லை நடுங்கள். மரத்தை வெட்டிவிடாதீர்கள்.

கோரை முளைத்தால் மேலாகப் பிடுங்கிப் பயனில்லை. மழை பெய்த மறுநாள் கிழங்கோடு தோண்டி எடுங்கள்.