பாட்டியின் பழைய அட்டிகையை அழித்து, நான் யோசித்து வைத்திருக்கும் டிசைனில் ஜிமிக்கி செய்யச் சொல்லப் போகிறேன். பட்டறையில் என்னென்ன நடக்கும், நான் எதைக் கவனிக்க வேண்டும்?

கோவையில் ஒரு நகைப் பட்டறைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இப்படிக் கேட்கும் உங்களுக்குக் கவுண்டருக்கு உள்பக்கம் நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில் அட்டிகை. வீட்டில் எடை போட்டு வைத்திருக்கும் கிராம் அப்படியே கைக்கு வராது. பழைய கல் நகைக்குள் அரக்கு அடைத்திருப்பார்கள், கல்லுக்கும் எடை உண்டு, பற்றவைத்த இடங்களில் பற்றாசுப் பொடியும் கலந்திருக்கும். கல்லைப் பிரித்து, உருக்கிக் கட்டியாக்கி, அதற்குத்தான் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்று பார்ப்பார்கள். கட்டி 20 கிராம், டச் 85 என்று வந்தால் அதில் இருப்பது 17 கிராம் சுத்தத் தங்கம். 916, அதாவது 22 காரட் நகைக்கு அது சுமார் 18.5 கிராமுக்குச் சரி. இந்தக் கணக்கை உங்கள் எதிரிலேயே போடச் சொல்லி எழுதி வாங்குங்கள். செய்கூலியில் நூறு இருநூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுகிறவர்கள் இங்கே ஏனோ வாயைத் திறப்பதில்லை.

அடுத்தது டிசைன். பெரும்பாலானவர்கள் போனில் ஒரு படத்தை நீட்டுவார்கள். படத்தில் அழகு தெரியும். கனமும் ஆழமும் தெரியாது. நான் முதலில் கேட்பது, எத்தனை பவுனுக்குள் வேண்டும், தினமும் போடவா விசேஷத்துக்கு மட்டுமா, காது ஓட்டை இறங்கியிருக்கிறதா என்பவைதான். ஜோடி ஒரு பவுனைத் தாண்டினால் மாட்டலையும் சேர்த்தே யோசிப்பது நல்லது. இல்லாவிட்டால் தோடு முன்பக்கம் கவிழ்ந்துகொண்டே இருக்கும்.

டிசைன் முடிந்ததும் அதை மெழுகில் பிரிண்ட் எடுப்போம். நீங்கள் அவசியம் பட்டறைக்கு வரவேண்டிய நாள் அதுதான். மெழுகின் எடையைச் சுமார் 18-ஆல் பெருக்கினால் 22 காரட் எடை கிடைத்துவிடும். அரை கிராம் மெழுகு என்றால் 9 கிராம் தங்கம்! மெழுகைக் காதருகே பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். பூ பெரிதாகத் தெரிகிறதா, எடை எகிறுகிறதா, உள்பக்கம் குடைந்து குறைக்கலாமா, எல்லாவற்றையும் அப்போதே சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் திருத்திவிடுவேன். தங்கமான பிறகு "இதழைக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா" என்று கேட்டால் மறுபடி உருக்க வேண்டியதுதான். கூலியும் மறுபடி.

பிறகு மெழுகுத் துண்டுகளை ஒரு தண்டில் கிளை கிளையாக ஒட்டி, சுற்றிலும் பிளாஸ்டர் ஊற்றி உலையில் வைப்போம். மெழுகு உருகி எரிந்துபோன வெற்றிடத்தில் தங்கத்தை ஊற்றுவதுதான் காஸ்டிங். ஆறும்போது உருப்படி கொஞ்சம் சுருங்கும், அரம் போடும்போது இன்னும் கொஞ்சம் போகும். அதற்கும் சேர்த்தே சற்றுப் பெரிதாக வரைவோம்.

ஆனால் முழு ஜிமிக்கியையும் காஸ்டிங்கில் எடுப்பது எனக்குப் பிடிக்காது. மேலே வரும் பூத்தோட்டுக்கு அது பொருத்தம். கீழே தொங்கும் கூட்டுக்கு ஆசாரி கைதான். மெல்லிய தகட்டை அச்சில் தட்டிக் குழித்தால் கூடு லேசாகவும் விறைப்பாகவும் நிற்கும். காஸ்டிங்கில் அவ்வளவு மெல்லிசாகப் போனால் தங்கம் மூலை முடுக்கெல்லாம் ஓடாமல் நின்றுவிடும், ஓட்டை விழும். கூட்டின் விளிம்பில் வரும் குட்டிக் குண்டுகளை வெங்காரம் (பற்றவைப்புக்கு உதவும் உப்பு) தடவி ஒவ்வொன்றாக வைத்து ஊதுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தீ ஒரு நொடி அதிகம் நின்றால் பக்கத்துக் குண்டும் உருகிவிடும். கேட்கிற கூலி அந்த வேலைக்குத்தான், என்னைக் கேட்டால் அது குறைவு. திருகாணியும் அது பொருந்தும் சுரையும் காஸ்டிங்கில் எடுக்காமல் கம்பியில் மரை போட்டதாக இருக்கட்டும்.

அட்டிகையின் கெம்புக் கற்களையே திரும்பப் பதிக்க வேண்டும் என்றால், பிரிக்கும்போதே எண்ணி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில உடையலாம், அளவும் ஒன்றுபோல் இருக்காது. நான் கல்லை அளந்துவிட்டுத்தான் குழி வரைவேன். சூடு படும் வேலையெல்லாம் முடிந்த பிறகே கல் ஏறும். பில்லில் கல் எடை தனி, தங்க எடை தனி என்று இருக்க வேண்டும். தங்க விலையைக் கல்லுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆர்டர் நகைதானே என்று ஹால்மார்க்கை விட்டுவிடுவது பலருடைய வழக்கம். பதிவுபெற்ற கடை மூலம் கொடுத்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 22கே916, அந்த நகைக்கே உரிய ஆறு இலக்க எச்யுஐடி (எழுத்தும் எண்ணும் கலந்தது) மூன்றும் விழும். அந்த எச்யுஐடியை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்க்கலாம். தனி ஆசாரியிடம் கொடுப்பதாக இருந்தால் முத்திரை எப்படி வாங்கித் தருவார் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முந்தின வாரங்களில் மட்டும் ஆர்டர் கொடுக்காதீர்கள், அப்போது மெழுகைக் காட்டக்கூட எங்களுக்கு நேரம் இருக்காது.